நிலமட்டத்து யன்னல்

செப்ரெம்பர் 15, சனி

பாகற்பந்தலைப் பிரித்து எறிந்தேன். இன்னும் இரண்டு கிழமையாவது காய்த்திருக்கும். இவர் பின்வளவுக்கு வந்து நின்று, "காய்க்கிற கொடியை ஏனப்பா அறுக்கிறீர்?" என்று கேட்டார். தம்பியின் யன்னலை மறைக்கிறது என்றேன். தடிகளைப் பிடுங்கி அடுக்கிக் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

தம்பி எவ்வளவு சாப்பிடுகிறான், எப்படி நித்திரை கொள்கிறான் என்றெல்லாம் எழுதி வைக்கும்படி வீட்டுக்கு வரும் நேர்ஸ் சொல்லியிருக்கிறா. எழுத உட்கார்ந்தால் எனக்கு அதோடு நிற்பதில்லை.

இன்று: காலையில் குரக்கன் கஞ்சி அரைக் கோப்பை. மத்தியானம் பருப்பும் சோறும் குழைத்து நாலு கரண்டி. இருமல் இல்லை.

தம்பி குகதாசன் எங்கள் பேஸ்மென்டுக்கு வந்து பல வருடம். கலியாணம் பேசிப் பேசியே அவனுடைய காலம் போய்விட்டது. கனடா, அமெரிக்கா முழுக்க ட்ரக் ஓட்டினான். போன வருடம் ஒரு நாள், கியர் மாற்றக் கை எழும்பவில்லை அக்கா என்று வந்து நின்றான். நரம்பு வருத்தம் என்றார்கள். முதலில் கை, பிறகு கால். இப்போது தொண்டையில் தொடங்கியிருக்கிறது. இதற்கு மருந்து இல்லையாம். டொக்டர்மாருக்கு எல்லாம் தெரியுமா என்ன?

மேலே ஹோலுக்குள் கட்டிலைப் போடுவோம் என்றால் மாட்டானாம். "வாறவன் போறவன் எல்லாம் என்னைப் பாத்துப் பெருமூச்சு விடவோ? நான் கீழயே கிடக்கிறன்." கீழே கிடந்தால் அவனுக்கு உள்ளது அந்த ஒரு யன்னல்தான். அதுவும் நிலமட்டத்தில். வெளியே மண் தொடங்கும் இடத்தில்தான் கண்ணாடியும் தொடங்குகிறது. எங்கள் பின்வளவு வீட்டிலிருந்து மேடாக ஏறுவதால் அந்தச் சரிவு மட்டும் படுத்திருப்பவனுக்கு நேராகத் தெரியும். அதையும் என் பாகற்கொடி மறைத்துக்கொண்டு நின்றது.

"முப்பது வருசம் ட்ரக்கில மேல இருந்து ரோட்டைப் பாத்தனான். இப்ப புல்லுக்கு அடியில இருந்து பாக்கிறன்" என்று சிரிக்கிறான்.

செப்ரெம்பர் 22, சனி

தோட்டக் கடைக்குப் போனோம். உயரமாக வளராத பூ வேண்டும், ஒரு சாண் கூட வேண்டாம் என்று நான் கையால் காட்ட, கடையில் நின்ற பெட்டை விளங்கிக்கொண்டது. ஃப்ளொக்ஸ் என்று ஒரு செடி. நிலத்தோடு படருமாம். இலை ஊசி மாதிரி, பனிக்கு அடியிலும் பச்சையாகவே கிடக்குமாம். வருடா வருடம் வசந்தத்தில் கம்பளம் விரித்த மாதிரிப் பூக்குமாம். இப்போது நட்டால் மே மாதம் பூ.

தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பி, என்ன நிறம் வேண்டும் என்று தம்பியைக் கேட்டேன். போனைக் காதில் பிடித்துக்கொடுத்த லோர்னா, அவனுக்கு உதவிக்கு வரும் பிலிப்பீன்ஸ் பிள்ளை, சிரிப்பது கேட்டது.

"எல்லா நிறத்திலயும் வாங்குங்கோ அக்கா. நானென்ன சீலையே எடுக்கப்போறன், பொருத்தம் பாக்க?"

ஊதா, றோஸ், வெள்ளை என்று ஒரு தட்டு நிறைய வாங்கினோம்.

செப்ரெம்பர் 23, ஞாயிறு

நட்டு முடிந்தது. குனிந்து குனிந்து நாரி முறிந்துவிட்டது. மண் களி, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று கடையில் சொன்னார்கள். இவர் இரண்டு மூட்டை மணல் கொண்டுவந்து கொத்திக் கலந்தார். கன்றுக்குக் கன்று ஒரு முழம் விட்டு வைத்தேன். இப்போது பார்க்க ஏதோ சொட்டைத் தலையில் முடி முளைத்த மாதிரி இருக்கிறது.

அவனுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க நான் யன்னலுக்கு முன்னால் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் இருந்தபடி அவனும் என்னைப் பார்த்தான். சிரித்தான். சிரிக்கச் சிரிக்கப் புரைக்கேறி, லோர்னா ஓடிவந்து நிமிர்த்தி முதுகைத் தட்டவேண்டியதாகிவிட்டது.

இனி அவனைச் சிரிக்க வைக்கக் கூடாது.

ஒக்டோபர் 9, செவ்வாய்

இரவு உறைபனி. கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பி இடியப்பம் கேட்டான். பாலில் ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்தேன். "இது இடியப்பம் இல்லை அக்கா, இடியப்பத்தின்ர ஆவி" என்றான்.

நவம்பர் 6, செவ்வாய்

ஒரு புது டொக்டர் வந்தா. தம்பியோடு தனியாகக் கதைக்க வேண்டுமாம். நான் மேலே வந்து கறிக்கு லீக்ஸ் வெட்டினேன். நிறைய நேரம் கதைத்தார்கள். போகும்போது அந்த டொக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் போனா. ஏன் என்று தெரியவில்லை. நல்ல பெண்ணாக இருக்கலாம்.

நவம்பர் 20, செவ்வாய்

இன்னொரு டொக்டர். இவரும் தனியாகத்தான். இன்ஷூரன்ஸ் விசயமாக இருக்கும்.

கன்றுகளைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் பரப்பினேன்.

டிசம்பர் 8, சனி

இன்ஷூரன்ஸ் இல்லை.

தம்பி என்னையும் இவரையும் கூப்பிட்டு இருத்திவைத்துச் சொன்னான். நாக்கு இப்போது சரியாகப் புரளுவதில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறதாம். தீராத வருத்தக்காரர் தாங்களே கேட்டால், டொக்டர் வீட்டுக்கு வந்து நோவில்லாமல் அனுப்பிவைப்பாராம். இரண்டு டொக்டர்மாரும் சம்மதித்துவிட்டார்களாம். எந்த நாள் என்று மட்டும் அவன் சொல்ல வேண்டுமாம்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம். பாவம் என்றேன், அம்மா உன்னை என் கையில் பிடித்துத் தந்தவா என்றேன். ஊசி போட்டு அனுப்ப நீ நாயா பூனையா என்றும் கேட்டுவிட்டேன். அவன் நான் முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்: "ஊரில சண்டை நேரம் பெரியண்ணை சைக்கிளில போனவர், வரேல்லை. செத்தது எந்த நாளெண்டு தெரியாது. அம்மா சாகும் மட்டும் அவருக்கு ஒரு திதி குடுக்கேல்லை. எனக்கெண்டாலும் ஒரு நாள் இருக்கட்டும் அக்கா. நீங்கள் பக்கத்தில இருக்கிற ஒரு நாள்."

இவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கெண்டுதானேடா அந்தக் கண்டுகளை நட்டனான். அது பூக்கிறதைப் பாக்காமலோ போகப்போறாய்?" என்றேன்.

தம்பி கண்ணை மூடி யோசித்தான். எவ்வளவு களைத்திருந்தான் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

"சரி. பூக்கும் மட்டும் பொறுக்கிறன். பூத்தாப் பிறகு நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

ஓம் என்றேன். மே மாதம் எங்கே கிடக்கிறது. அதற்குள் எத்தனையோ மருந்து கண்டுபிடிப்பார்கள்.

டிசம்பர் 9, ஞாயிறு

கஞ்சி கால் கோப்பை.

ஜனவரி 15, செவ்வாய்

தைப்பொங்கல். வெளியே பொங்க முடியாத குளிர். அடுப்பில் பொங்கிப் படைத்து, நுனிநாக்கில் ஒரு துளி வைத்தேன். இனிப்புத் தெரிகிறது என்று கண்ணால் சொன்னான்.

பனி யன்னலை முழுக்க மூடிவிட்டது. பேஸ்மென்ட் நீலமாக இருட்டிக்கிடக்கிறது. இவர் யன்னலுக்கு நேராக ஒரு வழி வெட்டி, அள்ளிய பனியைச் சரிவின் மேல் கொட்டினார். கன்று செத்துப்போகும் என்று நான் சத்தம் போட்டேன். "இல்லையப்பா. பனிதான் அதுக்குப் போர்வை. வெறும் குளிர் காத்துத்தான் கொல்லும்" என்றார். எங்கே படித்தாரோ.

பெப்ரவரி 4, திங்கள்

தம்பிக்குப் பேச்சு முற்றாக நின்றுவிட்டது. போன கிழமை "தண்ணி" என்றது எனக்கு விளங்கியது. இன்று ஒன்றும் விளங்கவில்லை. அவன் அழவில்லை. நான்தான்.

பெப்ரவரி 12, செவ்வாய்

நேர்ஸ் ஒரு கண்ணாடி அட்டை தந்திருக்கிறா. அதில் இங்கிலிஷ் எழுத்துகள். நாங்கள் விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்த வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவன் கண்ணை மூடுவான். இங்கிலிஷ் எழுத்தில் தமிழைச் சொல்லுகிறான். எனக்குக் கோர்த்து வாசிக்க வருவதில்லை, பாதியில் மறந்துபோகிறேன். இவர் கெட்டிக்காரர். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர் அல்லவா, எவர் கிறுக்கினாலும் வாசிப்பார்.

இவரும் தம்பியும் இத்தனை வருடத்தில் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் கதைத்ததில்லை. இப்போது வேலையால் வந்ததும் கோட்டைக் கழற்றாமலே கீழே போய்விடுகிறார். நான் ஆறிப்போன தேத்தண்ணியைத் திருப்பிச் சுடவைக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

மூச்சு முட்டி அம்புலன்ஸ் கூப்பிட வேண்டிவந்தது. ஆசுப்பத்திரியில் வைத்திருக்கக் கேட்டார்கள். தம்பி அட்டையில் ஒரே ஒரு சொல் சொன்னான். வீடு.

இப்போது எந்நேரமும் முகமூடி. காற்றைத் தள்ளும் மெசினின் சத்தம் மேலே படுக்கையறைக்கும் கேட்கிறது. சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வருகிறது.

மார்ச் 24, ஞாயிறு

பனி உருகிவிட்டது. பழுப்பாய்ப் போன புல்லுக்கு நடுவே கன்றுகள் மட்டும் பச்சை. பகலில் உருகி இரவில் உறைந்து மண் பொங்கியதில் சில கன்றுகள் வேரோடு மேலே கிளம்பிக் கிடந்தன. காலால் மெல்ல மிதித்துத் திரும்ப அழுத்திவிட்டேன். யன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கை காட்டினேன். அவனால் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. கைவிசேடக் காசைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மூடினேன். கை ஒரு குருவி அளவு பாரம்தான் இருக்கிறது.

கன்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன.

ஏப்ரல் 20, சனி

மொட்டு. எள்ளளவு. ஒவ்வொரு நுனியிலும்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. யன்னலில் இருந்து பார்த்தால் அது தெரியாது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, புதன்

முயல் வந்திருக்கிறது. யன்னல் பக்கத்து மொட்டுகள் எல்லாம் போய்விட்டன.

ஏப்ரல் 27, சனி

திரும்பவும் முயல். இவர் கம்பி வலை வாங்கிவந்து சுற்றிவரக் கட்டினார். "இந்த முறை எங்கட வளவில முயலையே நான் காணேல்லை" என்றார். விடியற்காலையில் வருகிறது என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

வலைக்குள்ளும் எப்படியோ வந்துவிட்டது.

தம்பி கஞ்சி வேண்டாம் என்று கண்ணால் காட்டினான். தொண்டைக்குள் இறங்கவில்லை. சளியை எடுக்கும்போது இரத்தம்.

மே 4, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் இவர் அட்டையோடு கட்டிலருகே இருந்தார். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி எழுத்தெழுத்தாகக் கண்ணை மூடி மூடிச் சொல்ல, இவர் சத்தமாகக் கோர்த்துக்கொண்டு வந்தார்.

"முயல்... முயல் காப்பு... முயல் காப்புப் போட்டிருக்கு. முயல் காப்புப் போட்டிருக்கோ? என்ன குகன் சொல்லுறாய்? பிழையாப் பிடிச்சிட்டன் போல. திருப்பிச் சொல்லு."

தம்பி திருப்பிச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்தான். இவரும் பார்த்தார். அம்மாவின் இரண்டு பொன் காப்பும் என் கையில்தான் கிடக்கின்றன. எப்போதும் கழற்றுவதில்லை.

முயல் இல்லை. ஒன்றும் வரவில்லை. விடிய முன்னம் எழும்பிப் போய், குனிந்திருந்து, ஒவ்வொன்றாய் நானே கிள்ளினேன். கிள்ளிக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டேன். வெளியே வெளிச்சம் வந்தால் படுத்திருப்பவனுக்கு என் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அவன் மூன்று முறையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். மடித்த உடுப்பை என் மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். தம்பி இன்னும் சொல்ல வேண்டும் என்று கண்ணைக் காட்டினான். இவர் விரலை நகர்த்தினார். இந்த முறை எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் மனதுக்குள்ளே கோர்த்துக்கொண்டு, பிறகு என் பக்கம் திரும்பினார்.

"'எனக்குக் கோவம் இல்லை அக்கா. ஆனா சரியாக் களைச்சுப்போனன். இனிப் பூக்க விடுங்கோ' எண்டு சொல்லுறான்."

கட்டிலின் கம்பியில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். மெசின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவனுக்கு மூச்சு ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை என்று இத்தனை மாதமும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மூச்சு வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

"சரியடா" என்றேன். "இனிக் கிள்ளமாட்டன்."

மே 5, ஞாயிறு

கம்பி வலையை இவர் கழற்றினார்.

மே 13, திங்கள்

சரிவின் மேல்பக்கம், என் கை எட்டாத இடத்தில், முதல் பூக்கள். றோஸ். ஐந்து இதழ், இதழுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு. ஒன்றை நுள்ளிக் கொண்டுபோய்த் தம்பியின் முகமூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். நிறைய நேரம் பார்த்தான். யன்னல் பக்கத்திலும் வரும், இரண்டாம் முறை மொட்டு வைக்கிறது என்றேன். ஓம் என்று கண்ணை மூடினான். பிறகு அட்டையைக் கேட்டான். நாள் சொன்னான். அடுத்த கிழமை வியாழன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தானே ஒப்புக்கொண்டது.

மே 19, ஞாயிறு

சரிவு முழுக்க. இலையே தெரியவில்லை. யன்னல் கரையில் மட்டும் நான் கிள்ளிய இடம் ஐதாக இருக்கிறது. மற்றப்படி ஊதாவும் றோஸும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டா. எடுங்கோ என்றேன். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

இவர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உயர்த்தி, ஓரிடத்தில் தம்பி கண்ணை மூடியதும் நிறுத்தினார். பின்னேரம் முழுவதும் இருவரும் அப்படியே இருந்தார்கள். தேனீக்கள் கண்ணாடியில் வந்து முட்டின.

மே 22, புதன்

தம்பிக்குத் தலை முழுக வார்த்தேன். சவரம் இவர் செய்துவிட்டார். லோர்னாவுக்கு லீவு நாள், என்றாலும் வந்து நகம் வெட்டிவிட்டுப் போனாள். அடுப்படியில் புட்டு அவித்தேன், சாப்பிட ஆள் இல்லாவிட்டாலும். வாசம் கீழே போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டேன்.

மே 26, ஞாயிறு

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். அன்று முதன்முதல் வந்து என் கைகளைப் பிடித்த அதே டொக்டர்தான். இன்னொரு நேர்ஸும். டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, இன்றைக்கும் இது உனக்கு விருப்பம்தானா, வேண்டாம் என்றால் நாங்கள் இப்போதே போய்விடுவோம் என்று கேட்டா. வேண்டாம் என்று சொல்லு, சொல்லு என்று என் மனம் கத்தியது. வாயைத் திறக்கவில்லை. தம்பி கண்ணை இறுக்கமாக மூடித் திறந்தான். ஓம்.

இவர் யன்னலைத் திறந்துவிட்டார். நான் தேவாரம் பாடத் தொடங்கினேன், இரண்டாம் வரி வரவில்லை. இவர் எடுத்துக்கொடுத்தார். பாடத் தெரியாதவர், ஆனாலும் முழுதையும் பாடினார். தம்பி என்னைப் பார்த்தான், பிறகு வெளியே பார்த்தான், பிறகு திரும்ப என்னைப் பார்த்தான். அப்படியே பார்த்தபடி இருந்தான். நித்திரைக்குப் போகும்போது சின்ன வயதில் செய்கிற மாதிரி உதட்டைக் கொஞ்சம் பிதுக்கினான். மெசினை நிற்பாட்டினார்கள்.

அவனுக்குக் கால் விறைக்கும் என்று கம்பளிக் காலுறை போட்டுவிட்டிருந்தேன். எடுத்துக்கொண்டு போகும்போது அதில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாகனத்துக்குப் பின்னால் ஓடினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. இவர்தான் சொன்னார்.

ஜூன் 9, ஞாயிறு

பூ கொட்டிவிட்டது. அடுத்த வருடம் அடர்த்தியாக வர, இப்போது பாதிக்கு வெட்டிவிட வேண்டுமாம். இவரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

சனிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கட்டிலையும் மெசினையும் முன்னமே கொண்டுபோய்விட்டார்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விடலாமே என்று மச்சாள் சொன்னா. பார்ப்போம் என்றேன்.

பின்னேரம் கேத்தில் கொதித்தது. நான் என்னை அறியாமல் படியடியில் போய் நின்று, "தேத்தண்ணி போடட்டே?" என்று கீழே கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் கீழே ஒருவரும் இல்லை என்று நினைவு வந்தது. அப்படியே கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓமப்பா" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "சீனி போடாமக் கொண்டு வாரும்."

வேலையால் வந்தவர் என்னிடம் சொல்லாமல் கீழே போயிருக்கிறார். இரண்டு கோப்பையோடு இறங்கினேன். கட்டில் கிடந்த இடத்தில், வெறும் நிலத்தில், வேலை உடுப்பைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தார். கண்களெல்லாம் சிவந்திருந்தன. நான் பக்கத்தில் இருந்தேன். இருவரும் குடித்தோம்.

"அவன் உம்மைப் பற்றித்தான் கூடக் கதைப்பான், தெரியுமோ?" என்றார்.

"என்ன கதைப்பான்?"

இவர் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.